காலி பில்டரும் கல்பனாவும்

காவாந்தண்டலத்தில் கல்பனாவிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு லேசில் நகர்ந்துவிட முடியாது. "ஏன்?" என்பாள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று ஊரே நம்பினாலும், அவள் மட்டும் எந்தக் கதிரில், எந்த வேளையில் என்று விசாரித்துக்கொண்டு நிற்பாள். ரேஷன் கடைக்காரர் அவள் தலையைக் கண்டாலே மூட்டைக்குப் பின்னால் குனிந்துகொள்வார் என்பது ஊரில் சொல்லிச் சிரிக்கும் கதை.

அவள் டிராக்டர் ஓட்ட வந்ததும் அப்படித்தான். புருஷன் தினகரனுக்கு முதுகில் ஜவ்வு விலகி, இனிமேல் டிராக்டர் சீட்டில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போது கல்பனா செருப்புக் கம்பெனியில் நின்ற நிலையில் சோல் ஒட்டிக்கொண்டிருந்தாள். வண்டி கொட்டகையில் சும்மா கிடந்தது. ஏன் சும்மா கிடக்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியை எடுத்துக்கொண்டு போய் ஏறிவிட்டாள். முதலில் வரப்பை இடித்தாள், அப்புறம் வேலியை. ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது. அடுத்த போகத்தில், சிரித்தவர்களே வாசலில் வந்து, "எங்க கயனிய எப்போமா ஓட்டித் தருவே?" என்று நின்றார்கள். கம்பெனிக்கு முழுக்குப் போட்டாள்.

போன வருஷம் வந்தது வினை. ஆயில் மாற்றிய கொஞ்ச நாளில் இன்ஜினுக்குள் டொக் டொக்கென்று சத்தம். உத்திரமேரூர் மெக்கானிக் ஜெகதீசன் பிரித்துப் பார்த்து, பேரிங் தேய்ந்துபோய்விட்டது என்றார். எதனால் தேய்ந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. சரிசெய்து முடிப்பதற்குள் தினகரனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"இன்னொரு வாட்டி அந்த சத்தம் வந்துச்சுன்னா சாலவாக்கத்து புரோக்கருக்கு போன் பண்ணிடுவேன். வண்டிய ஓட்டிக்கினு போவட்டும். நீ பழையபடி கம்பெனி பஸ்ஸு ஏறிக்கோ," என்று சொல்லிவிட்டான்.

கல்பனாவுக்கு மறுபடி அந்த பஸ் ஏற மனமில்லை. கம்பெனி வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அங்கே "ஏன்?" என்று கேட்டால் சூப்பர்வைசர் கடிகாரத்தைக் காட்டுவார்.

ஆடி பிறந்ததும் மறுபடி ஆயில் மாற்றும் வேளை வந்தது. ஜெகதீசன் கொட்டகைக்கு வந்து பழைய ஆயிலை இறக்கினார். சொம்பு அளவு புது பில்டரைக் கையில் எடுத்தார். அதன் வாயில் நடுவே ஒரு பெரிய ஓட்டை, சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள். நடு ஓட்டையில் ஆயிலை ஊற்றப் போனார்.

"ஏண்ணே ரொப்பறே?"

"காலியா மாட்னா, பில்டரு ரொம்பற வரிக்கும் பேரிங்குக்கு ஆயில் போவாது தங்கச்சி. அது வரிக்கும் இரும்பும் இரும்பும் உரசிக்கினு கெடக்கும்."

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அவள் தம்பி பார்த்திபன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் இருக்கிறான். அவன் வேறு மாதிரி சொன்ன ஞாபகம். போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, நடுவுல ஊத்தாதே! சுத்தி கீற ஓட்டை வழியா ஆயில் உள்ள போயி, காயிதத்துல வடிஞ்சி, நடு ஓட்டையில வெளிய வரணும். நீ நடுவுல ஊத்துனா வடிகட்டாத ஆயில் நேரா பேரிங்குக்குப் போவும். நாங்கல்லாம் காலியாத்தான் மாட்றோம். பழைய ஆயில் லேசா ஒட்டிக்கினு இருக்கும், அந்தக் கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும்."

"புது ஆயில்ல இன்னாடா குப்பை கீது?" என்று ஜெகதீசன் போனைப் பார்த்துக் கத்தினார்.

கல்பனா வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து வந்தாள். ஜெகதீசன் ஊற்ற எடுத்தது, நெல் அடித்த களத்தோரம் பாதி நாள் திறந்து கிடந்த கேன். துணியில் கொஞ்சம் வடித்துப் பார்த்தாள். நெல் சுணை ஒட்டியிருந்தது, கூடவே மண்ணும். ஜெகதீசன் கேனை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அப்போ காலியா மாட்லாமா?"

"மாட்டு. நாளைக்கு சத்தம் வந்தா என்னைக் கேக்காதே," என்று அவர் முறைத்தார்.

இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்களே, கல்பனா அன்று அதுதான். கடைக்கு ஓடிப்போய் புதுக் கேன் ஒன்று வாங்கி வந்தாள். அதையும் நடுவில் ஊற்ற மனம் வரவில்லை. வீட்டுக்குள் போய், பிள்ளைகளுக்கு மருந்து புகட்டிய பாலாடையைத் தேடி எடுத்து வந்தாள். ஓரத்துச் சின்ன ஓட்டைகளில் அதை வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். காகிதம் நிதானமாகக் குடித்தது. நுரைத்தது. முழங்கை வரை வழிந்தது.

"இன்ஜினுக்குப் பால் ஊட்டிக்கினு கீறியே, ஏப்பம் விட வைக்கறது யாரு?" என்றார் ஜெகதீசன். கோபத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பாதிகூட நிரம்பவில்லை. பொறுமை போய், அப்படியே மாட்டி, புதுக் கேனிலிருந்து இன்ஜினுக்கும் ஆயில் ஊற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். தினகரன் கையில் போனோடு கொட்டகை வாசலில் நின்றான். எல்லா சாமியையும் கும்பிட்டு செல்ப் அடித்தாள். இன்ஜின் முக்கியது, முனகியது, பிடிக்கவில்லை. விட்டு, மறுபடி அடித்தாள். மறுபடியும் முக்கல்தான். தினகரன் புரோக்கரின் போன் நம்பரை அழுத்தியே விட்டான்.

"ஏம்மா, கொக்கிய உள்ள தள்ளலியா நீ!" என்று ஜெகதீசன் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தப் பழைய வண்டியில் ஒரு கொக்கியை வெளியே இழுத்தால்தான் டீசல் நின்று இன்ஜின் அடங்கும். மறுபடி கிளப்பும்போது அதை உள்ளே தள்ள வேண்டும். தள்ள மறந்து செல்ப் அடித்துக்கொண்டே இருப்பது, அந்தப் பக்கத்து டிராக்டர்காரர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்து அசடு வழிந்த தப்பு.

கல்பனா கொக்கியில் கை வைத்தாள். தள்ளவில்லை. அவள் கண், எதிரே இருந்த சின்னச் சிவப்பு விளக்கில் நின்றுவிட்டது. ஆயில் ஏறாதவரை எரியும் விளக்கு அது. சாவி போட்டபோது எரிந்தது, செல்ப் சுற்றியதில் அணைந்து கிடந்தது.

"அண்ணே, வண்டி இன்னும் கிளம்பவே இல்ல. லைட்டு ஏன் அணைஞ்சிச்சி?"

ஜெகதீசன் எட்டிப் பார்த்தார். இன்னொரு தரம் செல்ப் அடிக்கச் சொன்னார். விளக்கு அணைந்தபடியே இருந்தது. கொக்கியையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொடையில் ஓங்கித் தட்டினார்.

"செல்ப் சுத்தினா ஆயில் பம்பும் கூடவே சுத்துதும்மா! டீசல் எரியல, அதனால பேரிங்கு மேல அடி வுழாது. ஆயில் மட்டும் வடிஞ்சி ஏறுது. கெணத்து இன்ஜினுக்கு லிவரைத் தூக்கிவுட்டு நாலு சுத்து சுத்துவோமே, அதேதான்! இத்தினி நாளா இது எனக்குத் தோணலியே!"

"அப்போ ரொப்பவும் வேணாம். காய்ஞ்சி ஓடவும் வேணாம்."

"ரெண்டும் வேணாம். ஆனா விட்டு விட்டு அடிக்கணும், இல்லன்னா செல்ப் மோட்டாரு பொகைஞ்சிடும்."

போனில் இன்னும் இருந்த பார்த்திபன், "அது சரிக்கா, நானும் யோசிக்கல," என்றான்.

கல்பனா கொக்கியை உள்ளே தள்ளிச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் ஒரே பிடியில் கிளம்பியது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். டொக் டொக் இல்லை. ஒரே சீராக ஓடியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, துடைக்கவும் கையெல்லாம் ஆயில்.

தினகரன் போனில் அந்த முனையில் புரோக்கர், "அலோ, அலோ, இன்னாபா, வண்டிய எப்போ வந்து பாக்கட்டும்?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

தினகரன் மனைவியை ஒரு பார்வை பார்த்தான். போனைக் காதில் வைத்தான்.

"வராதீங்க. இந்த வண்டிய விக்க, ஓட்றவங்களுக்கு இஷ்டமில்ல."