அப்பா தூக்கிய விரல்

பதினொரு வயதில் அப்பாமேல் எனக்கு வந்த ஒரு கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. இதை எழுதுவது சரியா என்றுகூடத் தெரியவில்லை. என் மகளை ஒவ்வொரு சனிக்கிழமையும் நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகிற மனிதர் அவர்.

கோடையில், புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஊர்க்காரரின் சங்கம் மோர்னிங்சைட் என்ற இடத்தில் ஒரு பூங்காவில் ஒன்றுகூடும். கொத்துரொட்டியும் சங்கீதக் கதிரை விளையாட்டும் முடிந்தபிறகு, மணமானவர்களுக்கும் மணமாகாதவர்களுக்கும் கிரிக்கெட். முந்தின வருடம் ஒரு ரன் அவுட்டில் தொடங்கிய வாய்த்தர்க்கம் விக்கெட்டைப் பிடுங்கி அடிப்பதில் முடிந்து, ஒருவருக்கு நெற்றியில் மூன்று தையல். அதனால் எனக்குப் பதினொரு வயதான அந்த வருடம், யாரோடும் சண்டை பிடிக்காத அப்பாவை அம்பயராக நிற்கச் சொன்னார்கள். பிள்ளைகள் நின்றால் பெரியவர்கள் வாயை அடக்குவார்கள் என்று அணிக்கு ஒரு பிள்ளையையும் சேர்த்தார்கள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, மணமாகாதவர்களுக்குத் தலைவர். அவருடைய அணியின் பிள்ளை நான். அதற்காக இரண்டு மாதம் எங்கள் அடுக்குமாடியின் பின்சுவரில் பந்தடித்துப் பழகியிருந்தேன்.

கடைசி ஓவரில் நான்கு ஓட்டங்கள் தேவை. நான் அடித்துவிட்டு ஒன்று ஓடி, இரண்டாவதுக்குத் திரும்பி, மூன்றாவதுக்கு அப்பா நின்ற பக்கம் ஓடினேன். என் மட்டை கோட்டைத் தாண்டிய பிறகுதான் விக்கெட் விழுந்தது. எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் பந்து வீசியவரின் அகன்ற முதுகு. அப்பா முதலில் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பிறகு விரலைத் தூக்கினார்.

மட்டையை எறிந்தேன். நீங்கள் பார்க்கவே இல்லை என்று ஆங்கிலத்தில் கத்தினேன். மறுமுனையில் என்னோடு மட்டை பிடித்த மாமா ஓடிவந்தார்.

"அத்தான், கண் தெரியேல்லையே உங்களுக்கு?"

"மகளெண்டு இப்ப மாத்திப்போடாதேங்கோ அண்ணை," என்றார் எதிரணியில் ஒருவர். நெற்றியில் தையல் வாங்கியவர் ஒரு விக்கெட்டைக் கையில் எடுத்துவிட்டார்.

அப்பா அவர்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"மட்டையை எடுத்து மாமாட்டைக் குடு. எல்லாரிட்டையும் மன்னிப்புக் கேள். பிறகு போய்க் காருக்குள்ள இரு."

 விக்கெட் பிடித்திருந்தவரே, "விடுங்கோ அண்ணை, சின்னப்பிள்ளைதானே," என்றார். மாமா குனிந்து தன் சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினார். இருபது பெரியவர்களின் நடுவில் நின்று மன்னிப்புக் கேட்டேன்.

காருக்குள் வெக்கை. கண்ணாடி வழியே, ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் கைகொடுப்பதைப் பார்த்தேன். அப்பாவின் முதுகில் ஆளாளுக்குத் தட்டினார்கள். இப்படி ஒரு அம்பயர் கிடைக்காது என்று யாரோ சொன்னதை அம்மா பெருமையோடு வந்து சொன்னார்.

வீட்டுக்குப் புறப்படும்போது ஒரேயொரு தரம் கேட்டேன்.

"அப்பா, நான் அவுட்டா?"

"பெல்ற்றைப் போடு," என்றார்.

ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், அவரோடு பேசவில்லை. நான் அவுட் என்று தவறாக நம்பியதால்தான் விரலைத் தூக்கினார் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். கோபமும் அதற்குத்தான்.

போன மாதம் விளையாட்டுத் திடலில் ஒரு பெரிய பையன் என் மகளைச் சறுக்கியிலிருந்து தள்ளினான். இவளும் திருப்பித் தள்ளினாள். அவனுடைய தாய் முகம் சிவந்து எழும்பி வர, அவர் வாய் திறப்பதற்கு முன் நான் முந்திக்கொண்டேன். முழங்கால் உரிந்து நின்ற என் மகளிடம், "சொறி சொல்லு, மன்னிப்புக் கேள்," என்றேன். அந்தத் தாய் உடனே சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. மகளிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டுமோ? இன்னும் கேட்கவில்லை.

தான் சரியாகப் பார்க்கவில்லை என்பதும், என்னைத் தண்டித்தால் சண்டை அடங்கும் என்பதும் அப்பாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். அதை நினைக்கக் கோபம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. அத்தனை பேர் நின்ற அந்தப் புல்வெளியில், அநியாயமாகத் தண்டித்தாலும் மறுபேச்சில்லாமல் தன்னோடு வீட்டுக்கு வரக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்பது பதினொரு வயதில் எனக்கு விளங்கவில்லை.