உப்பு பார்க்காத மாதம்

எல்லைப் பிரிப்பு வேலைக்காகச் சத்தியவேட்டில் தங்கியிருந்தபோது, பயணியர் பங்களாவின் சமையல்காரர்தான் என் வயிற்றைக் காப்பாற்றினார். எனக்குக் குடல்புண், காரமும் எண்ணெயும் ஆகாது. அவர் முன்பு ஒரு சுவீடன் பாதிரியாரிடம் வேலை பார்த்தவர். கொத்துக்கறியோடு பாலில் ஊறிய ரொட்டியைப் பிசைந்து உருட்டி, பொரிக்காமல் இட்லிப் பானையில் அவிப்பார். ஆடை நீக்கிய பாலில் மைதா கரைத்துக் காய்ச்சிய வெள்ளைக் குழம்பை மேலே ஊற்றுவார். தட்டுக்கு எட்டு உருண்டை, எண்ணிவிட்டுத்தான் சாப்பிடுவேன்.

நெடிய ஆள், நெற்றியில் நாமம். புரட்டாசி பிறந்ததும் சொன்னார்: "பெருமாள் மாசம் சார். உங்க வயித்துக்காவ கறி தொடறேன், வாயில வைக்க மாட்டேன். கொற சொன்னீங்கன்னா நிறுத்திடுவேன்."

ருசி பார்க்காமல் பயந்து பயந்து போட்டதில் உப்பு பாதிதான் இருந்தது. அவர் நிறுத்திவிட்டால் எனக்கு வேறு சாப்பாடு ஏது? "உப்பு சரியா சார்?" என்று தினமும் கேட்டார். "சரிதான்" என்றேன்.

ஐப்பசி முதல் நாள் ஓர் உருண்டையை வாயில் போட்டவர் திகைத்துப்போனார். "உப்பே இல்லியே! மாசம் பூரா இதையா துன்னுக்கினு இருந்தீங்க?"

சட்டென்று கைகூப்பினார். "அப்போ நீங்களும் விரதந்தான் இருந்திருக்கீங்க சார்."

அன்று தட்டில் ஒன்பது உருண்டைகள் இருந்தன. அது மரியாதையா, பரிகாரமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.