சீல் உடையாத பை

என் தம்பியைத் தெருவில் எல்லோரும் சிலிண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ ஒல்லி. அலுவலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் சுவரில் சிவப்பாகத் தொங்குமே, தீயணைக்கும் சிலிண்டர், அதைப் பராமரிப்பது அவன் தொழில். அழுத்தம் காட்டும் முள் பச்சைக் கோட்டில் நிற்கிறதா, குழாயில் விரிசல் இருக்கிறதா, கைப்பிடியில் செருகிய பின்னைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சீல் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்த்து, அதன் கழுத்தில் தொங்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திடுவான். இருபது வருடமாக இதே வேலை. அவன் கையெழுத்துப் போட்ட சிலிண்டர்களில் ஒன்றின் சீலைக்கூட யாரும் உடைக்க நேர்ந்ததில்லை. அதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

நாங்கள் ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். என் வீடு முதல் மாடி, அவன் வீடு எனக்கு நேர் மேலே. அவன் மனைவி இறந்தபோது மகளுக்கு மூன்று வயது. அன்றிலிருந்து பின்னல் போடுவது, நகம் வெட்டுவது, பேன் பார்ப்பது எல்லாம் அவன்தான். என்னை ஒத்தாசைக்குச் சேர்த்துக்கொள்வானே தவிர, பொறுப்பைத் தரமாட்டான். பிள்ளையை நாங்கள் வாண்டு என்போம். அவளுக்குப் பதினொன்று முடிந்ததும் நானே பேச்சை எடுத்தேன். என்றைக்கு வேண்டுமானாலும் வயதுக்கு வரலாம், நான் பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன், நீ ஒரு மணி நேரம் எங்காவது வெளியே போய்விட்டு வா என்றேன்.

அவன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான்.

“நீ சொல்லிக் கொடுத்தா அவ உன்கிட்டதான் வந்து நிப்பா. எனக்கு ஒரே ஒரு ஆசைதான்க்கா. அவளுக்கு வர்ற அன்னிக்கு, அப்பா எனக்கு வந்துடுச்சுன்னு அவ என்கிட்ட சொல்லணும். உன்ன மாதிரி கதவச் சாத்திக்கக் கூடாது.”

எனக்குச் சுருக்கென்றது. சொன்னது பொய்யில்லையே. எனக்கு வந்தபோது அவனுக்கு ஏழு வயது. நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, செத்துப்போகப் போகிறேன் என்று அழுதேன். அவன் வெளியே நின்று அக்கா அக்கா என்று தட்டிக்கொண்டே இருந்தான். ஆம்பளைப் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று விரட்டிவிட்டார்கள். எனக்கு ஏதோ தீராத வியாதி என்று ஒரு வருடம் முழுக்க நம்பி, தன் பங்கு மிட்டாயை எல்லாம் எனக்குக் கொடுத்தான். நானும் வாயைத் திறக்காமல் வாங்கித் தின்றேன். அந்தக் கடனுக்காகத்தான் அன்று வாயை மூடிக்கொண்டு படியிறங்கி வந்தேன்.

அவன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. மருந்துக்கடைக்குப் போய், இருக்கிற நாப்கினில் எல்லாம் ஒவ்வொரு பாக்கெட் கேட்டிருக்கிறான். கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் கறுப்புப் பை போட்டு நீட்டினாராம். இவன் அங்கேயே பிரித்து, ஒவ்வொன்றிலும் தயாரித்த தேதியைச் சத்தம் போட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, கையில் அடுக்கிக்கொண்டு தெருவோடு நடந்து வந்தான். அன்று சாயங்காலம் நான் மாடிக்குப் போனால் சமையல் மேடையில் ஒன்பது நாப்கின்கள் வரிசையாகப் படுத்திருந்தன. அளவுக் குவளையில் மைத்தண்ணீரை எடுத்து ஊற்றி, எது எவ்வளவு தாங்குகிறது என்று குறித்துக்கொண்டிருந்தான். வாண்டு பக்கத்தில் நின்று கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

பாடமும் அதே மேடையில்தான் நடந்தது. எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது, எத்தனை நாள் இருக்கும், எவ்வளவு போகும் என்று படம் போட்டுச் சொன்னான். படம் கொஞ்சம் சிலிண்டர் மாதிரிதான் இருந்தது. ஆம்பளைகளுக்கு ஏன் வராது என்று அவள் கேட்டாள். வராது, அவ்வளவுதான் என்றான். இது அநியாயம் என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் அவன் ஒன்றைத் தவறாமல் சொல்லுவான்: இது நோய் இல்லை, ஆபத்தும் இல்லை, பயப்பட எதுவுமே இல்லை.

பிறகு ஒரு பை தயாரானது. ஆறு நாப்கின், இரண்டு ஜட்டி, சின்ன சோப்பு, பழைய செய்தித்தாள், ஒரு பிஸ்கெட் பாக்கெட், ஒரு டார்ச். டார்ச் எதற்கடா என்று கேட்டேன். கரண்ட் போனால் என்றான். மிச்சமான பாக்கெட்டுகளை, நான் வேலை பார்க்கும் இடத்துப் பெண்களுக்குக் கொடுக்கச் சொல்லி என்னிடம் தள்ளிவிட்டான். பை அவள் அறைக் கதவின் கொக்கியில் தொங்கியது. பள்ளிக்கூடம் போகும்போது முதுகுப் பைக்குள் போகும், வந்ததும் கொக்கிக்கு வந்துவிடும்.

ஒரே வாரத்தில் பிஸ்கெட் காணாமல் போனது. அடுத்த வாரம் ஒரு நாப்கின் சைக்கிள் செயின் துடைக்கப் போயிருந்தது. டார்ச் கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. நான்கு நாள் பொறுத்துப் பார்த்தான். ஐந்தாம் நாள் தன் தொழிற்பையைத் திறந்தான். குறைந்ததையெல்லாம் திரும்ப வைத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடி, அதன் காதில் எண் போட்ட பிளாஸ்டிக் சீலை மாட்டி இறுக்கினான். கழுத்தில் ஒரு அட்டை வேறு. மாதத்தின் முதல் ஞாயிறு பரிசோதனை. அவசரம் என்றால் சுண்டி இழு, சீல் அறுந்துவிடும் என்று அவளுக்குக் காட்டியும் கொடுத்தான். எனக்கு அது ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. இன்னும் சொன்னால், நல்ல யோசனை என்றுதான் சொன்னேன்.

அதிலிருந்து வேலை முடிந்து வந்ததும் அவன் கண் முதலில் அந்தக் கொக்கிக்குத்தான் போகும். சீலை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்து, “அப்பாடா, பத்திரமா இருக்கு” என்பான். அப்புறம்தான் காலணியைக் கழற்றுவான். இருபது வருடப் பழக்கம் அது. சீல் முழுசாக இருந்தால் அன்றைய நாள் நல்ல நாள்.

மூன்றாவது மாதத்தின் முதல் ஞாயிறு காலை நான் மாடியில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவன் பையை இறக்கி, சீல் எண்ணைச் சரிபார்த்து, அட்டையில் ‘நிறைவு’ என்று எழுதினான். வாண்டு எதிரில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையெழுத்துப் போடும் நேரத்தில் வெகு சாதாரணமாகச் சொன்னாள்.

“அப்பா, எனக்கு வந்து பன்னெண்டு நாள் ஆச்சு.”

பேனா அப்படியே நின்றது. எனக்குக் காபி புரையேறியது.

கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. பள்ளிக்கூடத்தில் நான்காவது பீரியடில் வந்திருக்கிறது. பை முதுகிலேயே இருந்திருக்கிறது. விளையாட்டு டீச்சரிடம் போய் இரண்டு வாங்கியிருக்கிறாள். தோழி ஒருத்தி மூன்று கொடுத்திருக்கிறாள். மீதி நாளுக்குப் பழைய பனியனை மடித்து வைத்துக்கொண்டு, அவளே துவைத்து, கட்டிலுக்குப் பின்னால் காயப்போட்டிருக்கிறாள். பாவாடையையும் அவளே அலசியிருக்கிறாள். மேல்மாடியில் இத்தனை நடந்திருக்கிறது, கீழே இருந்த எனக்கு ஒரு துப்பும் இல்லை.

பையைத் திறக்க வேண்டியதுதானே, எதற்காகத்தான் வைத்திருக்கிறது என்று கேட்டான்.

“சீல உடைக்கலாமா? நெருப்பு, ஆபத்து, அப்படின்னாதானே உடைக்கணும். சின்ன வயசுலேர்ந்து நீதான் சொல்லிருக்க. இது ஆபத்தே இல்லன்னும் நீதானப்பா சொன்ன.”

பிள்ளை சொன்னதில் ஒரு ஓட்டை கிடையாது. தொட்டிலில் இருந்தபோதே சீலைத் தொடாதே என்று கேட்டு வளர்ந்தவள் அவள்.

பேனாவை மூடி வைத்துவிட்டு, என்கிட்ட ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். அதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரமும் பயந்துகொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியும்.

“சொல்லத்தான் வாசல்லயே நின்னேன். நீ வந்த. சீலத் தொட்டுப் பாத்துட்டு அப்பாடான்னு சொன்ன. அவ்ளோ சந்தோஷமா இருந்த.” அவள் தரையைப் பார்த்தாள். “எனக்கு வராம இருந்தாத்தான் உனக்கு நிம்மதின்னு நெனச்சேன்.”

என் தம்பி அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். அவள் பயந்துபோய், அத்தை நான் தப்பா எதுவும் செய்யலையே என்று என்னைப் பார்த்தாள். நீ செய்யலடி, உங்கப்பன் செஞ்சான் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவனே சொல்லிவிட்டான், தப்பு என்னோடது என்று. அவள் தலையைத் தன் பக்கம் இழுத்து, பன்னிரண்டு நாளும் என்னென்ன நடந்தது, எந்த நாள் வலித்தது, எந்த நாள் பயந்தாள் என்று ஒன்றுவிடாமல் கேட்டான். டீச்சர் நல்லாப் பேசினாங்களா என்று மூன்று தடவை கேட்டான். அவள் முதலில் ஒற்றை வார்த்தையில் சொன்னாள்; பிறகு மடை திறந்தாள். பனியன் மடிக்கிற வித்தையை எங்கள் இருவருக்கும் செய்து காட்டினாள். உள்ளபடியே கெட்டிக்காரத்தனமான மடிப்பு.

கத்தரிக்கோலை எடுத்து அவனே சீலை வெட்டினான். அட்டையைக் கிழித்துப் போட்டான். நாப்கின்கள் குளியலறை அலமாரிக்குப் போயின. அதற்குக் கதவுகூடக் கிடையாது. பிஸ்கெட்டை அப்போதே மூன்று பேரும் தின்றோம்.

இதெல்லாம் சரி, ஆனால் அவன் ஆசை கெட்டது கெட்டதுதான். முதல் தடவை என்பது ஒரு தடவைதானே வரும். அதன்பிறகு சில வாரங்கள் சாயங்காலம் வந்ததும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வாசலில் முழித்துக்கொண்டு நின்றான். பிறகு அவள் முகத்தைப் பார்க்கப் பழகினான். வந்துடுச்சா என்று மட்டும் கேட்கவே இல்லை. அவளாகச் சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அந்த ரோஷம் எங்கள் குடும்பச் சொத்து.

நான் வேலை பார்ப்பது ஒரு பார்சல் கிடங்கில். கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி. எங்கள் சிலிண்டர்களுக்கும் அவன்தான் ஆள். அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பார்சல் ஏற்றுகிறவர்கள், லாரி ஓட்டுநர்கள், மேலாளர் என்று முப்பது பேரை முற்றத்தில் நிற்க வைத்து, நெருப்பை எப்படி அணைப்பது என்று செய்முறை காட்டிக்கொண்டிருந்தான். இரண்டு கையிலும் வெள்ளைப் பொடி. போன் அடித்தது. கை சரியில்லாததால் முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினான்.

“அப்பா, எனக்கு வந்துடுச்சு. இப்பதான், ஒரு அஞ்சு நிமிஷம் ஆகுது. அலமாரியில ஆறுதான் இருக்கு. வரும்போது நீளமானது வாங்கிட்டு வா.”

முற்றமே கேட்டது. மேலாளர் வானத்தில் எதையோ தேட ஆரம்பித்தார். என் தம்பி குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல், வயிறு வலிக்கிறதா, வெந்நீர்ப் பை எங்கே இருக்கிறது தெரியுமா என்று விசாரித்தான். லேசாகத்தான் வலிக்கிறது என்றாள். சரி, சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்றான்.

“அத்தைகிட்ட நான் இன்னும் சொல்லலப்பா. நீயே சொல்லிடு.”

போனை வைத்தாள். நான் அவனுக்கு எதிரில், மூன்றடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். முகமெல்லாம் பொடியும் சிரிப்புமாக என் பக்கம் திரும்பி, எனக்கு ஒன்றுமே தெரியாது என்பதுபோல, “அக்கா, வாண்டுக்கு வந்துடுச்சாம்” என்றான்.