முப்பத்திரண்டு கடதாசி

என்னைக் கள்ளி என்று சொன்ன முதல் ஆள் எனக்கு நிகழ்தகவு படிப்பித்த விரிவுரையாளர். முழு வகுப்புக்கும் முன்னால் வைத்துச் சொன்னார். சில வருடங்கள் போய்விட்டன. கோபம் போகவில்லை. போகவேண்டும் என்று நான் முயற்சி செய்யவும் இல்லை.

நான் ஒட்டுசுட்டான் பக்கம். வவுனியாவில் ஒரு கல்லூரியில் டிப்ளோமா படித்தேன். ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போக முடியாது என்பதால் அறை எடுத்து இருந்தேன். அந்தத் தவணையில் மூன்று பாடங்கள்: கணக்கீடு, புரோகிராமிங், நிகழ்தகவு. மூன்றும் ஆங்கிலத்தில். பாடசாலையில் எல்லாவற்றையும் தமிழில் படித்துவிட்டு வந்த எங்களிடம் ஒருவரும், விளங்குகிறதா என்று கேட்கவில்லை. கேள்விகளில் வருவதெல்லாம் ஹோட்டல் லிப்டின் பெறுமானத் தேய்வு, விமான நிலைய வரிசையில் நிற்கும் பயணிகள். நான் அதுவரை லிப்டில் ஏறியதும் இல்லை, விமான நிலையத்தைக் கண்டதும் இல்லை. ஏறினால்தான் தேய்வு கணிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு உழவு மெசினுக்கும் தேய்வு உண்டு. அதை வைத்து ஒரு கேள்வி எழுதினால் யாருடைய கை முறிந்துவிடும்?

கணக்கீட்டில் எனக்குப் பயமில்லை, வர்த்தகப் பிரிவில் படித்தவள். அதிலும் அடி விழுந்தது. ஆங்கிலம் விளங்காத இடங்களில் யூரியூப்பில் தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவரின் பாடங்களைப் பார்த்தேன். எங்கள் பாடசாலைப் புத்தகத்தில் டெபிட் என்றால் வரவு, கிரெடிட் என்றால் செலவு. அவருக்கு டெபிட் என்றால் பற்று, கிரெடிட் என்றால் வரவு. எங்களுக்குப் பற்று என்றால் முதலாளி கடையிலிருந்து தன் வீட்டுக்கு எடுப்பது. இரண்டும் தமிழ்தான். ஒரு கிழமையாக எல்லாவற்றையும் தலைகீழாகப் பதிந்தேன். இரண்டு பக்கத்தையும் கூட்டிச் சரிபார்க்கிற பரீட்சை மீதியும் சமப்பட்டது. எல்லாமே தலைகீழாக இருந்தால் சமப்படாமல் என்ன செய்யும்?

அதை நானே கண்டுபிடித்துத் திருத்தினேன். ஒருவரும் என்னைக் கள்ளி என்று சொல்லவில்லை. நிகழ்தகவில்தான் அது நடந்தது.

செய்து கொடுத்துப் புள்ளி வாங்கவேண்டிய ஒப்படை இதுதான். நன்றாகக் கலைத்த ஒரு சீட்டுக்கட்டிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுத்தால், இரண்டும் கிங் ஆக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? எடுக்கும் சீட்டு நாலாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? பிறகு, இதையே ஆயிரக்கணக்கான தடவை செய்து பார்க்கும் ஒரு புரோகிராமும் எழுதி, கையால் கணித்த விடையோடு ஒப்பிட வேண்டும். கட்டில் எத்தனை சீட்டு என்று கேள்வியில் இல்லை. உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விடயமாம்.

எங்கள் பக்கம் சீட்டு என்றால் மாதம் மாதம் கட்டுகிற சீட்டு. இதற்குப் பெயர் கடதாசி. விளையாட்டின் பெயர் முந்நூற்றிநாலு. எனக்குத் தெரிந்த ஒரே கடதாசி விளையாட்டு அதுதான். யுத்தம் முடிந்து முகாமில் இருந்த காலத்தில் ஆண்களுக்குச் செய்ய வேலை இல்லை. காலையிலிருந்து தறப்பாளுக்குக் கீழே இருந்து அதைத்தான் விளையாடினார்கள். நான் சின்னப்பிள்ளை, அப்பாவின் மடியில் இருந்து பார்த்தேன். பிறகு ஊருக்குத் திரும்பி, யானைக்குக் காவல் இருக்கிற கொட்டிலிலும் அதே விளையாட்டு. புதுக் கட்டு வாங்கினால் முதல் வேலை, இரண்டிலிருந்து ஆறு வரைக்கும் உள்ளதைப் பிரித்துக் கழிப்பது. கழித்ததைப் பிள்ளைகளிடம் கொடுப்பார்கள். நாங்கள் அதில் வீடு கட்டி விளையாடுவோம். மிச்சம் முப்பத்திரண்டு. அதுதான் கட்டு.

ஆகவே முப்பத்திரண்டை வைத்துக் கணித்தேன். முதல் கிங் முப்பத்திரண்டில் நாலு, இரண்டாவது முப்பத்தொன்றில் மூன்று. பெருக்கிச் சுருக்கினால் இருநூற்று நாற்பத்தெட்டில் மூன்று. நாலு வருவதற்கான நிகழ்தகவு பூச்சியம். கேட்டது பொறிக்கேள்வி என்று நினைத்தேன். 'நடக்க முடியாத நிகழ்ச்சி' என்று பாடத்தில் ஒரு தலைப்பு இருந்தது. அதைச் சோதிக்கிறார் என்று எண்ணி, அந்தச் சொல்லையே எழுதிக் கோடும் போட்டேன்.

புரோகிராமும் எழுதினேன். ஆய்வுகூடத்தில் எங்களுக்குக் கிடைத்த நேரத்துக்குள், எழுத்து அழிந்துபோன விசைப்பலகையில் தேடித் தேடி அடித்தேன். கட்டை வரிசையாகக் கொடுக்கவேண்டும். எங்கள் விளையாட்டில் பெரியதிலிருந்து சின்னதுக்குக் கொடுத்தேன்: ஜாக், ஒன்பது, ஆஸ், பத்து, கிங், குயின், எட்டு, ஏழு. ஓடவிட்டேன். கையால் கணித்த விடைக்குக் கிட்டவே வந்தது. சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று சந்தோசப்பட்டேன். முப்பத்திரண்டு என்று சொல்லிக்கொடுத்தால் கணினி முப்பத்திரண்டை வைத்துத்தான் எண்ணும். பரீட்சை மீதியில் பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

அடுத்த கிழமை விரிவுரையாளர் மூன்று தாள்களைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இஸ்திரி போட்ட சேட்டில் ஒரு மடிப்புக் கலையாத ஆள்.

"மூண்டு பேர். ஒராள் முள்ளிவாய்க்கால், ஒராள் மல்லாவி, ஒராள் ஒட்டுசுட்டான். மூண்டு பேருக்கும் ஒரே விடை, ஒரே பிழை. கொப்பி அடிக்கிறதெண்டாலும் ஒரு கெட்டிக்காரப் பிள்ளையைப் பாத்தெல்லோ அடிக்கவேணும்!"

வகுப்பு சிரித்தது.

"இதைக் கேளுங்கோ. கட்டில நாலு வாறது நடக்க முடியாத நிகழ்ச்சியாம். கோடு வேற போட்டிருக்கு."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். முள்ளிவாய்க்கால் பெடியன் எழும்பினான். கரைவலை இழுத்து மீன் பிடிக்கிற குடும்பம், பயமில்லாத வாய்.

"சேர், நாலை நாங்கள் முதலே கழிச்சுப்போடுவம்."

"எதில கழிக்கிறது?"

"விளையாட்டில, சேர்."

"தம்பி, நான் கடதாசி தொடாத வீட்டில வளர்ந்தனான். உங்கட சூதாட்டக் கதையை இங்க கொண்டுவராதேங்கோ. இரும்."

பிறகு தண்டனையைச் சொன்னார். ஒப்படைக்குப் பூச்சியம். ஒப்படையில் பூச்சியம் என்றால் அந்தப் பாடத்தின் சோதனை எழுத முடியாது. எழுதாவிட்டால் அடுத்த வருடம் திரும்பவும் அதே தவணை. எனக்கு அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை. அறையில் என் இடத்துக்கு வேறு ஆள் சொல்லியாகிவிட்டது. வீட்டில் அடுத்ததாகப் படிக்கப் போகத் தம்பி காத்திருந்தான். சோதனை இல்லை என்றால் நான் ஊருக்குப் போய் இருக்க வேண்டியதுதான்.

ஒரு வழி வைத்திருந்தார். கொப்பி அடித்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், வேறு ஒப்படை தந்து சோதனைக்கு விடுவாராம்.

அதுவரைக்கும் நாங்கள் மூன்று பேரும் ஒழுங்காகக் கதைத்ததுகூட இல்லை. அன்றைக்குத்தான் கன்ரீனுக்குப் பின்னால் முதல் தடவையாக ஒன்றாக நின்றோம்.

"நீயும் முப்பத்திரண்டோ?" என்று பெடியன் என்னைக் கேட்டான்.

"ஓம். நீ எங்க பழகினது?"

"கடல் கொந்தளிச்சா மீன் வாடியில வேற என்ன வேலை? நான் கையெழுத்துப் பழக முதல் கடதாசியில துரும்பு வைக்கப் பழகினவன்." மல்லாவிப் பிள்ளையைப் பார்த்தான். "உமக்கு ஆர் பழக்கினது? கோயில் ஐயரோ?"

அவள் அழுதுகொண்டிருந்தாள். "செத்தவீடுகளில அண்ணாக்கள் விளையாடேக்க பாத்தது. ரெண்டு பேரும் சும்மா இருங்கோ. கையெழுத்துத்தானே, போட்டிட்டுப் போவம். எனக்குச் சோதினை எழுதவேணும்."

"களவெடுத்தனான் எண்டு எழுதிக் குடுக்கப்போறியோ?" என்று கேட்டேன்.

"எழுதினா என்ன? ஆர் அதை வாசிக்கப்போயினம்?"

"நான் வாசிப்பன்."

எனக்கு அவளில் கோபம் இல்லை. வகுப்பில்தான் கோபம். அரைவாசிப் பேர் இணையத்தில் கிடைத்த விடையை ஒரு எழுத்து மாற்றாமல் இறக்கிக் கொடுத்திருந்தார்கள். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். சரியான விடையை எத்தனை பேர் ஒரே மாதிரி எழுதினாலும் களவு இல்லை. மூன்று பேர் தாங்களாக யோசித்து ஒரே பிழையை விட்டால் களவு. இதில் எங்கே இருக்கிறது நிகழ்தகவு? வன்னியிலிருந்து வந்த மூன்று பிள்ளைகள் கட்டில் முப்பத்திரண்டு என்று நினைப்பதற்கான சாத்தியம் எவ்வளவு என்று அவர் ஒரு நிமிடம் கணித்துப் பார்த்திருக்கலாம். அவருடைய பாடம்தானே.

நான் கையெழுத்துப் போடவில்லை. பெடியனும் போடவில்லை. நாங்கள் போடாததால் அவளும் நின்றாள். அவள் அதை விரும்பிச் செய்யவில்லை என்பதையும் சொல்லவேண்டும். விடயம் துறைத்தலைவரிடம் போனது.

துறைத்தலைவர் கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மா. மேடம் என்பதை நாங்கள் மடம் என்போம். அவருடைய அறையில் எங்கள் மூன்று பேருடைய புரோகிராம்களும் மேசையில் கிடந்தன. விரிவுரையாளர் பக்கத்துக் கதிரையில் இருந்தார். எங்களுக்குக் கதிரை இல்லை.

"விடை ஒரே மாதிரி வர்றதைக் கூட விட்டுடலாம்" என்றார் மடம். "இதைப் பாருங்க. ஜாக், ஒன்பது, ஆஸ், பத்து, கிங், குயின், எட்டு, ஏழு. இப்பிடி ஒரு வரிசை நான் எங்கயும் பார்த்ததில்ல. மூணு புரோகிராம்லயும் அதே வரிசை. தனித்தனியா யோசிச்சா இது எப்படி வரும்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன், மடம்" என்றார் அவர். "ஒராள் எழுதி மற்ற ரெண்டு பேரும் பாத்ததுதான். வேற விளக்கம் இல்லை."

மல்லாவிப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அதை உதறிவிட்டுக் கதைத்தேன்.

"மடம், அது முந்நூற்றிநாலு. கடதாசி விளையாட்டு. எங்கட பக்கம் அதில ஜாக்தான் பெரிசு. பெரிசில இருந்து சின்னனுக்கு எழுதினால் அப்பிடித்தான் வரும். ஒவ்வொண்டுக்கும் புள்ளி இருக்கு. ஜாக்குக்கு முப்பது. ஒன்பதுக்கு இருபது. ஆசுக்கு..."

பார்த்துப் பழகியவள்தானே, விளையாடியவள் இல்லை. எண் வரவில்லை.

"ஆசுக்குப் பத்து" என்றேன்.

"பதினொண்டு" என்றார் விரிவுரையாளர். "பத்துக்குத்தான் பத்து."

அவர் வாயை மூடினார். மடம் மெதுவாக அவர் பக்கம் திரும்பினார்.

"சேருக்கும் தெரியுமா இந்த விளையாட்டு?"

"சின்ன வயசில... ஆரோ விளையாடேக்க பாத்திருப்பன்."

"பாத்தவை பத்து எண்டுதான் சொல்லுவினம், சேர்" என்றான் பெடியன். "பதினொண்டு எண்டு சொல்லுறது கையில பிடிச்சவை."

மடத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். எனக்கு வரவில்லை. அந்த வரிசையைக் கண்ட முதல் நிமிடத்திலேயே அந்த மனிதருக்கு அது என்னவென்று தெரிந்திருக்கும். கடதாசி தொடாத வீட்டுப் பிள்ளை என்ற பெயரைக் காப்பாற்றுவதற்காக எங்களைக் கள்ளர் ஆக்கினார். தெரியாமல் சொல்லியிருந்தால் மடையன் என்று விட்டிருப்பேன்.

மடம் முடிவைச் சொன்னார். கொப்பி அடித்த குற்றச்சாட்டு இல்லை. கட்டில் ஐம்பத்திரண்டு என்பதால் விடைகள் பிழை, அந்தப் பகுதிகளுக்குப் புள்ளி இல்லை. செய்முறைக்கும் புரோகிராமுக்கும் புள்ளி உண்டு. சோதனை எழுதலாம்.

"மடம், சேர் வகுப்பில வச்சுச் சொன்னவர்" என்றேன். "இவை கொப்பி அடிக்கேல்லை எண்டும் வகுப்பில வச்சுச் சொல்லட்டும்."

"அதெல்லாம் பெரிசாக்க வேணாம்மா. சோதனை எழுத விட்டாச்சுல்ல? போங்க."

விரிவுரையாளர் சேட்டுப் பையிலிருந்து பேனையை எடுத்துத் திறந்து, மூடி, திரும்பத் திறந்து, மூடிக்கொண்டிருந்தார். வகுப்பில் பிறகு ஒரு நாளும் அதைச் சொல்லவில்லை.

சோதனையில் சீட்டுக்கட்டைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. தாயக்கட்டையும் பழுதான மின்குமிழும்தான் வந்தன. மூன்று பேரும் சித்தி அடைந்தோம்.

அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு அதே ஒப்படை போனது. கேள்வியில் 'ஐம்பத்திரண்டு சீட்டுகள் கொண்ட' என்று புதிதாகச் சேர்த்திருந்தாராம். முள்ளிவாய்க்கால் பெடியன் அதைப் போனில் சொல்லித் துள்ளினான்.

"வெண்டிட்டம்! அந்தாள் மன்னிப்புக் கேட்டது மாதிரித்தானே!"

"என்னத்தை வெண்டனாங்கள்? மாதிரி எண்டால் என்ன?" என்று நான் அவனையும் ஏசினேன். ஒரு வரியைத் திருத்தத் தெரிந்தவருக்கு வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குச் சிரித்த வகுப்புக்கு அந்த அறையில் நடந்தது தெரியாது. அவர்களுக்கு நாங்கள் எப்படியோ கெஞ்சித் தப்பிய மூன்று பேர்.

போன மாதம் கிளிநொச்சி பஸ்ஸில் அந்த வகுப்பில் இருந்த ஒருத்தியைக் கண்டேன். பக்கத்தில் இடம் விட்டாள். குழந்தை, வேலை என்று கொஞ்சம் கதைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே கேட்டாள்: "அந்தக் கொப்பிக் கேசில பிடிபட்டது நீங்கள்தானே?"

அவளுக்கு ஜாக்கிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அவள் இறங்கவேண்டிய இடம் வந்தது, எழும்பப் பார்த்தாள். "இரும், இன்னும் முடியேல்லை" என்றேன். இருந்தாள். அடுத்த தரிப்பிடமும் போனது. நான் நிறுத்தவில்லை.