நாற்பது நாற்காலிகள்

மார்ச் 3: வேலையை விட்டதற்கு வந்த பணம், 4,10,000.
மார்ச் 19: பட்டறைக்கு முன்பணம், 90,000.
ஏப்ரல் 2: மரமும் கருவிகளும், 2,75,000.
ஜூலை 30: வரவு இல்லை.

என் தங்கையின் கணவர் இருபத்திரண்டு வருடம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னால் நாற்காலி செய்வார். வருடத்துக்கு இரண்டு. உறவுக்காரர்களுக்குச் சும்மா கொடுப்பார். சும்மா வந்த நாற்காலியை யார் குறை சொல்வார்கள்? ஆளாளுக்குப் புகழ்ந்து தள்ளினார்கள். மனிதர் நம்பிவிட்டார்.

வேலையை விட்டுப் பட்டறை போட்டார். புதிதாக உணவகம் திறக்கவிருந்த ஒருவர், பட்டறையில் இருந்த மாதிரி நாற்காலியைப் பார்த்துவிட்டு, அதே போல நாற்பது கேட்டார். ஜூலை முடிவதற்குள் வேண்டும், கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கே முழுப் பணம் என்றார். அதற்குள் கையிருப்பு கரைந்திருந்தது. பட்டறை நிற்பதும் மூடுவதும் இந்த ஒரு ஆர்டரில்தான்.

தொழில்காரன் ஒரு நாற்காலிக் காலை அளவுக்கு வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதன்படி அறுப்பான். நம் மாப்பிள்ளைக்கு மூன்றாவது நாற்காலியிலேயே சலித்துவிட்டது. ஐந்தாவதுக்கு முதுகை வளைத்தார். ஒன்பதாவதுக்குக் கைப்பிடி வைத்தார். பதினாறாவதைக் குட்டையாக்கினார், அழகுக்காம். நேரில் போய்க் கேட்டேன்.

"ஒரே மாதிரி நாப்பது செய்ய நான் என்ன மெஷினா, மச்சான்?"

"அவர் ரசிச்சுச் செய்யறாரு அண்ணா," என்றாள் தங்கை.

"ரசிக்கிறது காசு குடுக்கறவன் வேலைம்மா," என்றேன்.

உணவகத்தில் மேசைகளைச் சுற்றிப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்கு மேசை மார்பு வரை வந்தது. எதிரே உட்கார்ந்தவருக்கு முழங்கால் இடித்தது. கைப்பிடி வைத்தவை மேசைக்கு அடியில் நுழையவே இல்லை. உரிமையாளர் சத்தம்கூடப் போடவில்லை.

"சார், நான் நாற்காலி கேட்டேன். நீங்க ஒரு குடும்பத்தையே கூட்டிட்டு வந்திருக்கீங்க. இது தாத்தா, இது பேரன், இது வீட்டுக்கு அடங்காத மாமா."

வந்த வண்டியிலேயே நாற்பதும் திரும்பின. பட்டறையை மூடிவிட்டு, மாப்பிள்ளை வழக்கம்போல உறவுக்காரர்களுக்குக் கொடுத்தார். அவர்களும் வழக்கம்போலப் புகழ்ந்தார்கள். என் வீட்டுக்கு வந்தது ஒன்பதாவது. நன்றாகத்தான் இருக்கிறது. ஒற்றையாக இருக்கும்வரை எந்த நாற்காலியும் நன்றாகத்தான் இருக்கும்.

பிறகு, தன்னைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பழைய அலுவலகத்துக்கு எழுதினார். யோசிக்கிறோம் என்று இரண்டு முறை பதில் வந்தது. அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்று என்ற கடைசிக் கடிதம் வந்தது நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை.