நாலு புள்ளி பத்து

சமையலறையில் அலமாரி போட ஒருவர் வந்திருந்தார். கையில் லேசர் மீட்டர். சுவரில் சிவப்புப் பொட்டு விழுந்தது. திரையைப் பார்த்துவிட்டு, "ஏழு புள்ளி பத்து சார்" என்றார். நான் தினசரியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன்.

"ஏழடி பத்து அங்குலமா, இல்ல ஏழும் பத்துல ஒரு பங்கும் அடியா?"

"ரெண்டும் ஒண்ணுதான சார்?"

இதே வாக்கியத்தை நான் வாலிபத்தில் ஒரு படித்த வாயிலிருந்து கேட்டவன். அலமாரிக்காரரை நாற்காலியில் உட்கார வைத்து, எண்ணால் எழுதாதீர்கள், எழுத்தால் எழுதுங்கள் என்றேன். கிழவருக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. அடிக்கும் அங்குலத்துக்கும் நடுவில் ஒரு புள்ளி வைப்போம். நாலடி ஆறு அங்குலம் என்றால் 4.6. கொத்தனாரிலிருந்து கம்பி கட்டுகிறவர் வரை யாரும் இதில் தடுமாறியதில்லை. அந்தப் புள்ளி கால்குலேட்டருக்குள் நுழைந்தால்தான் வினை. அதற்குப் பன்னிரண்டு தெரியாது, பத்துதான் தெரியும். பத்து அங்குலத்தைக் கொடுத்தால் ஒன்றேகால் அங்குலமாக்கித் திருப்பித் தரும். வெள்ளைக்காரன் தன் காலை வைத்து அடி என்றான், பிறகு கப்பலேறிப் போய்விட்டான். நாம் இன்னும் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் வேலை பார்த்தது ராஜபாளையத்தில், பஞ்சு மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில். கட்டட வரைபடம் போடும் எஞ்சினியரின் ஆபீஸ். நான் டிரேசிங் தாளில் வரைகிறவன். அச்செடுக்கும் பெட்டியிலிருந்து அம்மோனியா நெடி சட்டையில் ஏறிவிடும். பஸ்ஸில் பக்கத்து ஆள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவார், எனக்கு ஜன்னலோரம் கிடைக்கும். அந்த உத்தியோகத்தில் நான் கண்ட சுகம் அது ஒன்றுதான்.

எஞ்சினியருக்கு ஒரு விளையாட்டு உண்டு. யார் புதிதாக வந்தாலும், "ஒரு செயின் எம்புட்டு அடி?" என்பார். அறுபத்தாறு என்றால், "அது நிலம் அளக்கிற செயின்லே, எஞ்சினியர் செயின் நூறு" என்பார். நூறு என்றால் அறுபத்தாறு என்பார். எதைச் சொன்னாலும் நாம் முட்டாள். லிங்க், செயின், பர்லாங் என்று அவர் அடுக்கும்போது முகத்தில் ஒரு பிரகாசம் வரும். அத்தனை அளவையும் மனப்பாடம் செய்தவருக்கு மனுஷர் நடக்கிற சந்து ஒன்றை மட்டும் அளக்கத் தெரியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அண்ணன் தம்பி இருவர். தம்பிக்கு இருபதடி வாசலோடு முன்வீடு, அண்ணன் சுப்பையாவுக்குப் பின்வீடு. சுப்பையாவும் அவர் மனைவி ராசாத்தி அக்காவும் தள்ளுவண்டியில் வடையும் பஜ்ஜியும் போட்டுப் பிழைத்தார்கள். வண்டி நாலரை அடி அகலம். தெருவில் விட்டால் விடியும்போது சக்கரம் இருக்காது, வீட்டுக்குள் கொண்டுபோய்த்தான் ஆகவேண்டும். அதற்காகவே பெரியவர்கள் உட்கார்ந்து, அந்த இருபதடிக்குள் முன்வீட்டை ஒட்டி நாலடி பத்து அங்குலம் சந்து விடச் சொன்னார்கள். 4.10 என்று எழுதிக்கொண்டார்கள்.

தம்பி முன்வீட்டை இடித்துக் கட்டினார். வரைபடம் எங்கள் ஆபீஸ். எஞ்சினியர் இருபதில் நாலு புள்ளி பத்தைக் கால்குலேட்டரில் கழித்தார். சுவர் முக்கால் அடி சந்துக்குள் வந்து நின்றது.

ராசாத்தி அக்கா பஸ் பிடித்து நேரே மாடியேறி எஞ்சினியர் முன்னால் வந்து நின்றார். கையில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவவில்லை.

"சாரு, வண்டி உள்ள போவ மாட்டேங்கு. சந்து நாலடி பத்து அங்குலம்லா?"

"புள்ளிக்குப் பொறவு கடைசியா வார சைபருக்கு மதிப்பு கெடையாதும்மா. நாலு புள்ளி பத்தும் நாலு புள்ளி ஒண்ணும் ஒண்ணுதான். சர்வேயில அடியப் பத்தாத்தான் பிரிப்போம்."

"அது எனக்குத் தெரியாது சாரு. எங்க பொழப்பு அந்த வண்டிதான். சொவர இடிச்சு ஒதுக்கச் சொல்லுங்க."

"கட்டுன சொவர ஒரு அங்குலம் அசைக்க முடியாது."

தம்பியும் அதையே சொன்னார். அவருக்கென்ன, முக்கால் அடி வீடு சும்மா வந்தது. கடைசியில் வண்டியைத்தான் அறுத்தார்கள். இரண்டு அடுப்பில் ஒன்று போயிற்று. அந்தப் பக்கம் போனபோது அக்கா எனக்கு ஒரு வடையைக் கொடுத்துவிட்டு, "பஜ்ஜிய உங்க சாரு தின்னுட்டாவ தம்பி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அதோடு விட்டிருந்தால் எஞ்சினியரை வெறும் மடையர் என்று நினைத்து மன்னித்திருப்பேன். அவருடைய மேஜைக்குக் கண்ணாடி வந்தது. சாமி படங்களை அடியில் வைத்து மேலே போடுவதற்கு. கடைக்காரருக்கு அவரே துண்டுச் சீட்டில் அளவு எழுதி அனுப்பியிருந்தார்: 4.10, 2.6. கடைக்காரர் நாலடி பத்து அங்குலத்துக்கு, இரண்டரை அடிக்கு வெட்டி அனுப்பியிருந்தார். மேஜையில் கச்சிதமாக உட்கார்ந்தது. எஞ்சினியர் அதன்மேல் கையைத் தடவி, "வேலைன்னா இது வேல" என்றார்.

"சார், இந்தக் கண்ணாடியில மட்டும் சைபருக்கு மதிப்பு உண்டா?" என்று கேட்டேன்.

தடவிய கையை எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "கண்ணாடி வேற, சொவரு வேறலே."

மறுநாளிலிருந்து என் சட்டையில் அம்மோனியா நெடி இல்லை. ஜன்னலோரமும் போயிற்று. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது என்பதுதான் இன்றுவரை ஆறவில்லை. தெரியாமல் செய்கிறவனைத் திட்டலாம், திருத்தலாம். தன் மேஜைக்கு ஒரு பத்து, ஊரான் சந்துக்கு ஒரு பத்து வைத்திருக்கிறவனை என்ன செய்வது?

அலமாரிக்காரர் போன பிறகு மனசு கேட்காமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். இரண்டு வீட்டையும் சேர்த்து வாங்கிய ஒருவர் ஜவுளிக்கடை கட்டியிருக்கிறார். சந்து இல்லை. எதிரில் இருந்த பூக்கடைக்காரரிடம் அந்தச் சுவரைப் பற்றிக் கேட்டேன்.

"அதா? பொக்லைன் வந்துச்சு. நான் டீ குடிச்சிட்டு வாரதுக்குள்ள இல்ல."

"ராசாத்தி அக்கா?"

"அவிய அதுக்கு ரொம்ப முன்னாலயே போய்ச் சேந்தாச்சு. கடைசிவரைக்கும் ஒத்த அடுப்புதான்."

ஜவுளிக்கடையின் ஷட்டர் அந்த இருபதடிக்கும் திறந்து கிடந்தது. நாலு வடை வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் தாராளமாக உள்ளே போகலாம். தள்ளிக்கொண்டு வரத்தான் ஆள் இல்லை.