வலெற்றாவில் கழற்றிய சப்பாத்து

ரொறொன்ரோவில், மோர்னிங்சைட்டில் இருக்கும் அருள்நாயகம் கூரை வேலைக்காரர். ஊர்காவற்றுறையில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். யாரோடும் எகிறிப் பேசுவார். ஒருவனோடு மட்டும் பல வருடமாகப் பேச்சே இல்லை: மனைவி எமில்டாவின் தம்பி கிளிபோட். ரூஜ் பக்கம் வீடு விற்கிறவன். ஒரு பிறந்தநாள் விழாவில், சபை நடுவே, "அக்கா, உந்தக் கூரையேறுற ஆளோட எப்பிடித்தான் காலம் தள்ளுறியோ!" என்று இளித்தவன்.

மகள் ஷரோனுக்குக் கலியாணம் பொருந்தியது. தம்பி வந்து நிற்காத கலியாணம் ஒரு கலியாணமா என்று எமில்டா அழுதாள். பவுலடியார் கரையொதுங்கிய தீவைப் பார்த்துவிட்டு வருவோம், அதற்குள் இருவரும் ராசியாகிவிடுவார்கள் என்று மோல்டாவுக்கு மூன்று ரிக்கற் போட்டாள்.

தலைநகர் வலெற்றாவைச் சுற்றி மலைபோல மதில். வெளியிலிருந்து வரும் எதிரிக்காகக் கட்டியதாம். 'என்ர எதிரி ஒரே பிளேனில எல்லோ வந்தவன்' என்று அருள்நாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிளிபோட் படமெடுத்தபடி முன்னால் போனான்.

பெரிய கோவிலுக்குள் நுழைந்ததும் அவர் திடுக்கிட்டார். தரை முழுக்கப் பளிங்குக் கல்லறைகள்.

"இஞ்சாரும், இதுக்குக் கீழ ஆக்கள் படுத்திருக்கினம். சப்பாத்தோட உழக்கிறதே?"

மடு மாதா கோவிலில் நிற்பதுபோல வெறுங்காலில் நின்றார். சப்பாத்தைக் கடைப் பையில் சுற்றி, கதவோரம் தூணடியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

திரும்பி வரும்போது தூணைச் சுற்றிக் காவலாளிகள். கேட்பாரற்ற பை. சனத்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். அருள்நாயகம் கையைக் காட்டி, "மை சூ, மை சூ" என்று பாய, இருவர் அவரைச் சுவரோடு சாத்தினார்கள். காவலாளி ஒருவன் பக்கத்தில் நின்ற கிளிபோட்டிடம், இவர் உங்களுடைய ஆளா என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

சுற்றிநின்ற வெள்ளைக்காரர்களையும் அத்தானின் வெறுங்காலையும் கிளிபோட் பார்த்தான்.

"நோ. ஐ டோன்ட் நோ ஹிம்."

அவன் முதுகுக்குப் பின்னால் நின்ற எமில்டாவுக்கு அது தெளிவாகக் கேட்டது. அவனை விலத்திக்கொண்டு முன்னுக்கு வந்தாள். "மை ஹஸ்பன்ட்" என்று கத்தினாள். காவலாளிகள் பையைத் திறந்து பார்த்து, திட்டிவிட்டு அவரைப் போகவிட்டார்கள்.

மிச்ச நாட்களில் அவள் தம்பியோடு ஒரு சொல் பேசவில்லை. ரொறொன்ரோ விமான நிலையத்தில் அவன் ஒன்றும் நடவாததுபோலத் தன் பெட்டியை அவர்களின் காருக்குள் ஏற்ற வந்தான்.

"நீ பஸ்ஸில வா" என்றாள்.

"என்னக்கா, பகிடிக்குச் சொன்னதை..."

"ஆரப்பா நீ?"

அருள்நாயகம் காரை எடுத்தார். பத்து வருடம் கேட்டாலும் அலுக்காத சொல். ஆனாலும் பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. ஸ்காபரோ வந்து ஒரு சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

"கலியாண மண்டபக்காரனுக்குப் போன் அடிச்சு, விருந்தில ஒரு மேசை குறைக்கச் சொல்லுங்கோ."

விளக்குப் பச்சையானது அவருக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்தவன் ஹோர்ன் அடித்தான். அருள்நாயகம் கண்ணாடியை இறக்கி, கிளிபோட்டுக்கென்று வைத்திருந்த அவ்வளவு தூஷணத்தையும் அவனுக்குக் கொடுத்தார்.